தொழிலாளர் போராட்டத்தை எடுத்துக்கொண்ட வீடியோ கலைப் படைப்புகளில் உங்களை உலுக்கியது எது?

பிரிட்டன் கலைஞர் ஜெரமி டெல்லரின் 'ஓர்கிரீவ் சண்டை' (2001). ஒரு மணி நேரம்தான் ஓடும். மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நிலக்கரிச் சுரங்கங்களை மூடும் முடிவை எதிர்த்து 1984 மார்ச்சில் பிரிட்டன் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜூன் 18 அன்று தெற்கு யார்க்‌ஷரில், நிலக்கரியை இரும்பாலைக்கான எரிபொருளாக மாற்றும் ஓர்கிரீவ் கோக் ஆலையிலிருந்து லாரிகள் போகாமல் தடுக்க ஆயிரக்கணக்கானோர் மறியலுக்கு வந்தார்கள். நல்ல வெயில். டி-ஷர்ட், ஜீன்ஸ், சிலர் சட்டைகூட இல்லாமல். எதிரே ஆளுயரக் கேடயங்களுடன் போலீஸ். கூட்டத்துக்குள் குதிரைகளை விட்டார்கள்.

அன்று மாலை பிபிசி செய்தியில் தொழிலாளர்கள் கல்லெறிவது முதலில் வந்தது, குதிரைகள் பாய்வது அடுத்து வந்தது. நடந்தது நேர்மாறு. காட்சிகள் தவறுதலாக இடம் மாறிவிட்டன என்று பிறகு பிபிசியே ஒப்புக்கொண்டது. 95 தொழிலாளர்கள் மீது போட்ட வழக்கும் 1985ல் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 1991ல் 39 பேருக்கு 4,25,000 பவுண்டு இழப்பீடு கொடுத்தது போலீஸ். ஆனால் ஊர் பார்த்தது அந்த டீவி செய்தியைத்தானே!

அதைப் பார்த்த பதின்வயதுப் பையன்களில் டெல்லரும் ஒருவர். 17 வருஷம் கழித்து, அதே ஊரில் அந்த நாளைத் திரும்ப நடத்தினார். பழைய போர்களை வேஷம் போட்டு நடத்திக் காட்டும் குழுக்களிலிருந்து சுமார் 800 பேர், அவர்களோடு முன்னாள் சுரங்கத் தொழிலாளர்கள் 200 பேர் வரை. சினிமா இயக்குநர் மைக் ஃபிக்கிஸ் படம் பிடித்தார். தொழிலாளர்களில் சிலர் போலீஸ் உடுப்பு மாட்டி எதிர் வரிசையில் நின்றார்கள். தங்களை அடித்தவர்களின் இடத்தில் போய் நிற்பது லேசான காரியமா?

எனக்கு இது ஏன் இவ்வளவு ஒட்டிக்கொண்டது என்றால், அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. நிலுவைக் கூலிக்காக அவர்கள் சாலையில் உட்கார்ந்தபோது, மறுநாள் பேப்பரில் 'போக்குவரத்து பாதிப்பு' என்று நாலு வரி வந்தது. ஏன் உட்கார்ந்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தத் துண்டை அம்மா இன்னும் ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார்.

மூன்றாவது தடவை அப்பாவோடு பார்த்தேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, நானும் எதையும் விளக்கவில்லை. போலீஸ் வரிசை லத்தியால் கேடயத்தைத் தட்ட ஆரம்பித்ததும் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்ப வரப் போறாங்க பாரு" என்றார்.