சல்பேட்டுக்கு இரண்டு, நைட்ரேட்டுக்கு ஒன்று: ஏன்?

பினாங்கில் படிவம் 4 பயிலும் தங்கள் மகள், அமில உறுப்புகளின் இணைதிறனை, அதாவது அவை பிறவற்றோடு சேரும் திறனைக் காட்டும் எண்ணை, மனப்பாடம் செய்யாமல் அறிய வழியுண்டா என்று கேட்பதாக எழுதியுள்ளீர்கள். உண்டு.

ஓர் அமிலத்திலிருந்து விலகக்கூடிய ஹைட்ரஜன் முழுவதையும் நீக்கியபின் எஞ்சுவதே அமில உறுப்பு. விலகிய ஹைட்ரஜன் அணுக்களின் எண்ணிக்கையே அதன் இணைதிறன். கந்தக அமிலத்தில் இரண்டு விலகுவதால் சல்பேட்டுக்கு 2, நைட்ரிக் அமிலத்தில் ஒன்றே விலகுவதால் நைட்ரேட்டுக்கு 1, பாஸ்பாரிக் அமிலத்தில் மூன்று விலகுவதால் பாஸ்பேட்டுக்கு 3.

‘விலகக்கூடிய’ என்னும் சொல்லில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வினிகரிலுள்ள அசிட்டிக் அமிலத்தில் நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் இருந்தாலும், மூன்று கார்பனோடு பிணைந்து அசையாமல் நிற்க, ஆக்சிஜனோடு பிணைந்த ஒன்று மட்டுமே அயனியாக விலகுகிறது. ஆகவே அசிட்டேட்டின் இணைதிறன் நான்கன்று, ஒன்றே. வெறுமனே ஹைட்ரஜனை எண்ணினால் இங்கே விடை தவறிவிடும்.

இனி, இந்த எண்களைக் கொண்டு சேர்மத்தின் வேதி வாய்பாட்டை எழுதும் முறை. நம்மூரில் தௌ ஃபூ ஃபா என்னும் மென்மையான சோயா இனிப்பு உறைவதற்குச் சோயாப் பாலில் சேர்க்கும் வெண்பொடியான ஜிப்சம், நீரேறிய கால்சியம் சல்பேட்டாகும். கால்சியத்துக்கும் 2, சல்பேட்டுக்கும் 2 என்பதால் ஒன்றுக்கு ஒன்று போதும். இரண்டுக்கு இரண்டு என்று எழுதிவிட்டுச் சுருக்க மறப்பது தேர்வில் மதிப்பெண்ணைக் குறைக்கும். கால்சியம் பாஸ்பேட்டிலோ எண்கள் வேறுபடுவதால் அவற்றைக் குறுக்காக மாற்றி, மூன்று கால்சியத்துக்கு இரண்டு பாஸ்பேட் என்று எழுத வேண்டும். அப்போது இருபுறமும் மொத்தம் 6 ஆகிச் சமன்படும்.