ஐந்து வயசுக்கும் எட்டு வயசுக்கும் சேர்த்து ஒரு சூப்பர்ஹீரோ ஆட்டம்

கேள்வி: மகளுக்கு 8 வயது, மகனுக்கு 5. இருவருக்கும் ஸ்பைடர்மேன் பைத்தியம். பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடும் டேபிள்டாப் ஆர்பிஜி ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். மார்வெல் பெயரிலேயே ஒரு தடிமனான புத்தகம் இருக்கிறது, விலை 50 டாலர் பக்கம் வருகிறது. வாங்கலாமா? எனக்கு இந்த வகை ஆட்டம் புதிது.

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மோசமான ஆட்டம் என்பதற்காகச் சொல்லவில்லை. 2023இல் வந்த அந்த மார்வெல் மல்டிவெர்ஸ், பெரியவர்கள் ஆட நன்றாகவே இருக்கும், மூன்று சாதாரணப் பகடை போதும், அதில் ஒன்று மட்டும் வேறு நிறம். ஆனால் ஒரு குத்து விட்டால் எவ்வளவு அடி என்று பார்க்க, அந்த நிறப் பகடையில் விழுந்த எண்ணை ஒரு எண்ணால் பெருக்கி, அதோடு இன்னொரு எண்ணைக் கூட்ட வேண்டும். மகள் விரல்விட்டு எண்ணி முடிப்பதற்குள் மகன் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்திருப்பான்.

இந்த மாதிரிப் புத்தகத்தை நாம் குழந்தைக்கு என்று வாங்கினாலும் உட்கார்ந்து படிக்கப்போவது நாம்தான். குழந்தை கையில் வருவது பகடையும் ஒரு தாளும் மட்டுமே. அதனால் அட்டையில் யார் படம் என்பதை விட்டுவிட்டு, அந்தத் தாளை உங்கள் ஐந்து வயசுக்காரன் சமாளிப்பானா என்று பாருங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயசில், ஆங்கிலத்தில் இருபது கட்டங்கள் உள்ள தாளைக் கொடுத்தால் அது வீட்டுப்பாடம்.

உங்கள் வீட்டுக்கு என் தேர்வு அமேசிங் டேல்ஸ். நான்கு வயசிலிருந்தே ஆடலாம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். குழந்தை தன் ஹீரோவுக்கு நான்கு திறமைகளைச் சொல்ல வேண்டும், ரொம்ப நன்றாகச் செய்வதற்கு 12 முகப் பகடை, அப்புறம் 10, 8, கடைசியாக 6. உருட்டி 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் காரியம் ஜெயம். விதி என்று பார்த்தால் ஏறக்குறைய இவ்வளவுதான். 12 முகத்தில் நூற்றுக்கு 83 தடவை வெற்றி, 6 முகத்தில்கூட 67. இந்தக் கணக்கு முக்கியம், ஏனென்றால் ஐந்து வயசில் தோல்வி என்பது ஆட்டத்தின் சுவாரசியம் இல்லை, அழுகை. என் அக்கா மகனோடு முதன்முதலில் ஆடியபோது பெரியவர்கள் ஆடும் விதிகளைக் கொஞ்சம் குறைத்து ஒப்பேற்றினேன், மூன்று தடவை தொடர்ந்து குறி தவறியது, “நான் ஹீரோவே இல்லை” என்று எழுந்து போனவனை முறுக்கு கொடுத்துத்தான் திரும்ப உட்கார வைத்தேன்.

அமேசிங் டேல்ஸில் சூப்பர்ஹீரோ இல்லையே என்பீர்கள். சரிதான், காடு, கடற்கொள்ளையர், விண்வெளி என்றுதான் அதன் கதைக்களங்கள். ஆனால் “சுவரில் ஏறுவேன்” என்பதும் ஒரு திறமைதானே? “வலை வீசுவேன்”, “ஆபத்து வந்தால் முன்னாடியே தெரியும்”, “ஜோக் அடிப்பேன்” என்று நாலையும் தமிழிலேயே எழுதிவிட்டால் ஸ்பைடர்மேன் தயார், லைசென்ஸ் வாங்கிய புத்தகம் எதற்கு? முதலில் பிடிஎஃப் வாங்குங்கள், பிடித்துப்போனால் அச்சுப்புத்தகம். பயப்படுகிற குழந்தை என்றால் நோ தேங்க் யூ, ஈவில் ஆட்டத்தையும் பாருங்கள். கதை பயமாகிவிட்டால் குழந்தை அந்தத் தலைப்பையே சொல்லி நிறுத்தலாம் என்பது ஒரு விதியாகவே அதில் இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த விதி, எந்த ஆட்டத்திலும் சேர்த்துக்கொள்ளலாம்.

மகளுக்கு இன்னும் ஓரிரு வருடத்தில் இது சலித்துவிடும். அப்போது பாஷ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பேசிக் ஆக்‌ஷன் சூப்பர் ஹீரோஸ் வாங்கலாம். இரண்டு பகடையின் கூட்டுத்தொகையை ஹீரோவின் பலத்தால் பெருக்க வேண்டும், பலம் அதிகபட்சம் 5, ஆகவே ஐந்தாம் வாய்ப்பாடு வரை தெரிந்தால் போதும் (வாய்ப்பாடு ஒப்பிக்க மறுத்த பிள்ளைகள் வில்லனை அடிக்க வேண்டும் என்றால் மட்டும் எப்படித்தான் டக்டக்கென்று சொல்கிறார்களோ). ஐகான்ஸ் என்ற ஆட்டமும் நல்லது, எந்த சக்தி கிடைக்கும் என்பதையே பகடை உருட்டித் தீர்மானிப்பார்கள், அதுவே ஒரு தனி விளையாட்டு. மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ் பக்கம் இப்போது போகாதீர்கள். ஒரு சாதாரண ஹீரோவை உருவாக்க 150 புள்ளிகளைப் பங்கிட வேண்டும். அது அப்பாக்களுக்கான பொழுதுபோக்கு.

கேள்வி: பழைய மார்வெல் ஆர்பிஜி பெட்டி, 1984இல் டிஎஸ்ஆர் என்ற நிறுவனம் போட்டது, ஒருவர் செகண்ட் ஹேண்டில் விற்கிறார். பத்து வயசுப் பையனுக்கு வாங்கலாமா?

பதில்: விலை நியாயமாக இருந்தால் தாராளமாக. 1 முதல் 100 வரை ஒரு எண் வரும்படி பகடை உருட்டி, அதை ஒரு வண்ண அட்டவணையில் பார்க்க வேண்டும்: வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு. வெள்ளை என்றால் தோல்வி, சிவப்பு என்றால் அமர்க்களம், பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். இன்னொன்று, அதில் ஹீரோ யாரையாவது கொன்றால் சேர்த்து வைத்த கர்மா என்ற புள்ளிகள் முழுக்கப் போய்விடும், பெற்றோர் உபதேசம் செய்யவேண்டிய வேலை மிச்சம். ஆனால் பணம் அனுப்புவதற்கு முன் உள்ளே இருப்பதையெல்லாம் பரப்பி வைத்துப் படம் கேளுங்கள், குறிப்பாக அந்த அட்டவணை. இப்படி ஒரு பழைய பெட்டியை நம்பி வாங்கி, பாதி அட்டைகள் இல்லாமல் வந்து, விற்றவர் போனையே எடுக்காத அனுபவம் எனக்கு உண்டு.

கேள்வி: மாஸ்க்ஸ் என்ற ஆட்டத்தில் ஹீரோக்களே பிள்ளைகள் என்கிறார்களே, ஏழு வயசுக்குப் பொருந்துமா?

பதில்: பிள்ளைகள் இல்லை, டீனேஜர்கள். அடிபட்டால் ரத்தத்துக்குப் பதில் பயம், கோபம், குற்றவுணர்வு என்று குறித்துக்கொள்ளும் ஆட்டம். பதிமூன்று வயசில் வாங்குங்கள்.

கேள்வி: பகடை எங்கே, எத்தனை வாங்குவது?

பதில்: ஏழு பகடை கொண்ட செட் என்று ஆன்லைனில் தேடினால் வரும், அமேசிங் டேல்ஸுக்கு வேண்டிய நான்கும் அதிலேயே இருக்கும். பிள்ளைக்கு ஒரு செட், வேறு வேறு நிறத்தில். ஒரே செட்டைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னால் வில்லன் வருவதற்கு முன்பே சண்டை வரும். வீட்டில் மூன்று வயசுக்குக் கீழே குட்டி இருந்தால் ஆட்டம் முடிந்ததும் ஏழும் இருக்கிறதா என்று எண்ணி எடுத்து வையுங்கள், வாயில் போட்டுக்கொள்ளும் அளவுதான் அவை.