சென்னைக்குள் வரும் கார்களைக் குறைக்க, புறநகர் ரயிலில் எதை முதலில் மாற்ற வேண்டும்?

ஏழு வருடம் தினமும் கிண்டிக்குக் காரில் போய் வந்தவன் நான். வீடு தாம்பரத்தைத் தாண்டி, செங்கல்பட்டு போகும் வழியில். ஸ்டேஷன் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. இருந்தும் ரயில் பக்கமே போகவில்லை. இப்போது இரண்டு வருடமாக சீசன் டிக்கெட். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: தாம்பரத்துக்குத் தெற்கே ரயில்களின் எண்ணிக்கையையும், வீட்டிலிருந்து பிளாட்பாரம் வரைக்குமான வழியையும் முதலில் சரிசெய்ய வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

ரயில் மெதுவாகப் போகிறது என்று யாரும் காரை எடுப்பதில்லை. காலை எட்டரை மணிக்கு, தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு போகும் ஜிஎஸ்டி ரோட்டில் பெருங்களத்தூரையும் இரும்புலியூரையும் தாண்டுவதற்குள் மின்சார ரயில் பாதி தூரம் போய்விடும். ஆனால் ஒரு வண்டியை விட்டால் அடுத்தது எப்போது என்ற பயம் இருக்கிறதே, அதுதான் கார் சாவியை எடுக்க வைக்கிறது. தாம்பரத்துக்கு வடக்கே பல்லாவரத்தில் இருக்கும் என் தங்கை ரயில் நேரம் பார்த்துக் கிளம்பியதே கிடையாது. பிளாட்பாரத்தில் போய் நின்றால் கொஞ்ச நேரத்தில் வண்டி வந்துவிடும். எங்கள் ஊரில் அரை மணி நேரம் நின்ற நாட்கள் எனக்கு உண்டு. அப்படி இரண்டு முறை மீட்டிங்குக்குத் தாமதமானால், மூன்றாவது முறை யாராக இருந்தாலும் காரைத்தான் எடுப்பார்கள்.

இதற்குக் காரணம் தண்டவாளத்தில் இருக்கிறது. தாம்பரம் வரை லோக்கல் ரயிலுக்கென்று தனிப் பாதை உண்டு. அதற்குத் தெற்கே செங்கல்பட்டு வரை இருப்பது மூன்று பாதை. அதில்தான் எக்ஸ்பிரஸ் வண்டிகளும் லோக்கலும் ஓடியாக வேண்டும். மதுரை, நெல்லைப் பக்கமிருந்து இரவெல்லாம் ஓடிவரும் வண்டிகள் எழும்பூரை நெருங்கும் நேரமும், நாங்கள் ஆபீஸுக்குக் கிளம்பும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. நான்காவது பாதைக்கு 2025இல் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. அது வந்தவுடன் காலையும் மாலையும் செங்கல்பட்டு வரை பத்து நிமிடத்துக்கு ஒரு லோக்கல் விட வேண்டும். அந்தப் பாதையும் எக்ஸ்பிரஸ்களுக்கே போய்விட்டால் எங்கள் நிலைமை மாறாது.

சென்னை பீச் (கடற்கரை)–தாம்பரம் பாதையில் மின்சார ரயில் 1931லேயே ஓடத் தொடங்கிவிட்டது. மாம்பலம், நங்கநல்லூர், குரோம்பேட்டை எல்லாம் ரயிலை நம்பி வளர்ந்த ஊர்கள். ஸ்டேஷனிலிருந்து நடந்தே வீட்டுக்குப் போகிற மாதிரி தெருக்கள் அமைந்தன. ஆனால் தாம்பரத்துக்குத் தெற்கே கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இப்போது எழும் அடுக்குமாடிகள் ஜிஎஸ்டி ரோட்டை நம்பி எழுகின்றன. விளம்பரத்தில் ஸ்டேஷன் பெயர் இருக்கும். ஸ்டேஷனுக்கு நடந்துபோக நடைபாதை இருக்காது.

என்னை மாற்றியது பெரிய திட்டம் எதுவும் இல்லை. எங்கள் ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரும் வண்டி ஸ்டாண்டும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கத்து ஆட்கள் ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கேட் அடைத்துவிட்டால் கண்ணெதிரே வண்டி போகும். ஒருநாள் நடைமேம்பாலத்தை எங்கள் தெருப் பக்கமும் இறங்குகிற மாதிரி நீட்டினார்கள். அடுத்த மாதமே படிக்கட்டின் கீழே ஷேர் ஆட்டோக்கள் நிற்க ஆரம்பித்தன. எனக்கு மட்டும் இருபது நிமிடம் மிச்சம். எங்கள் தெருவில் என்னோடு சேர்த்து நான்கு பேர் காரை வார நாட்களில் எடுப்பதில்லை.

இதற்கு நேர்மாறான உதாரணமும் எங்கள் பக்கத்திலேயே நடந்தது. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை 2023 டிசம்பரில் திறந்தார்கள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்திலேயே தண்டவாளம் போகிறது. ஆனால் திறக்கும்போது அங்கே ஸ்டேஷன் இல்லை. விடியற்காலையில் ஊரிலிருந்து பெட்டியும் பையுமாக வந்து இறங்கியவர்களைக் கூட்டிப்போக எத்தனை பிள்ளைகள் கார் எடுத்துக்கொண்டு வந்தார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். ஸ்டேஷனைக் கட்டிவிட்டு முனையத்தைத் திறந்திருக்க வேண்டும். பீச்சிலிருந்து வேளச்சேரி வரை மேம்பாலப் பாதையில் ஓடும் பறக்கும் ரயிலிலும் இதே கதைதான். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர். நிலம் எடுப்பதில் வந்த வழக்கால் கடைசி 500 மீட்டருக்காக வேலை வருடக்கணக்கில் நின்றது. அது இணைந்தால் தெற்கிலிருந்து வருகிறவர்கள் பரங்கிமலையில் மாறி, ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) போகிற திருவான்மியூர், தரமணி பக்கம் போய்விடலாம்.

ஏசி ரயில் பற்றியும் கேட்பீர்கள். 2025 ஏப்ரலில் பீச்–செங்கல்பட்டு இடையே முதல் ஏசி மின்சார ரயில் வந்தது. சாதாரண ரயிலில் குறைந்தபட்சம் 5 ரூபாய், இதில் 35. பணக்காரர்களுக்கான ரயில் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ரோட்டில் காரோடு நிற்பவர்களைத்தானே இழுக்க வேண்டும்? மே மாத வெயிலில் டை கட்டிக்கொண்டு கூட்டத்தில் நிற்க மாட்டேன் என்று சொன்ன என் நண்பர் இப்போது இதில்தான் வருகிறார். ஆனால் ஒரு நாளைக்கு ஒருசில தடவை மட்டும் ஓடினால், போகும்போது ஏசி ரயில், வரும்போது கார் என்று யாராலும் இருக்க முடியாது. சாதாரண வண்டியைக் குறைக்காமல் ஏசி வண்டியைக் கூட்டினால் நிச்சயம் பலன் இருக்கும்.

கடைசியாக, ராத்திரி. இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் நுங்கம்பாக்கத்தில் வேலை பார்க்கிறார். காலையில் ரயில் அவருக்கு வசதிதான். திரும்பும்போது பத்து மணி ஆகிவிடும். மகளிர் பெட்டியில் ஆள் குறைந்துவிடும், இறங்கினால் ஸ்டேஷன் ரோட்டில் பாதி விளக்கு எரியாது, ஷேர் ஆட்டோ இருக்காது. அந்த ஒரு கிலோமீட்டருக்காக அவர் 40 கிலோமீட்டர் காரோட்டுகிறார். பதினோரு மணி வரை ஸ்டேஷன் வாசலில் ஒரு மினி பஸ் இருந்தால் மறுநாளே காரை நிறுத்திவிடுவேன் என்று போன வாரம்கூட என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.