எஃப்ஆர்சிஆர் முதல் பகுதி: இரண்டு தாளும் ஒரே தடவையிலா?

வணக்கம் டாக்டர். எம்டி ரேடியாலஜி முதலாண்டில் இருந்துகொண்டே, பிரிட்டனின் ரேடியாலஜி தேர்வான எஃப்ஆர்சிஆரின் முதல் பகுதியில் இயற்பியல், அனாட்டமி (உடற்கூறியல்) இரண்டையும் சேர்த்து எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எழுதுங்கள். முன்பதிவு திறந்ததுமே பணம் கட்டிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே எழுத்து மாறாமல் கொடுங்கள்.

அனாட்டமியில் 90 நிமிடத்துக்கு 100 படங்கள். படத்துக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. படத்தில் குறித்துக் காட்டிய பாகத்தை வெறும் 'ரீனல் வெயின்' (சிறுநீரகச் சிரை) என்று எழுதினால் முழு மதிப்பெண் வராது. 'இடது ரீனல் வெயின்' என்று பக்கத்தையும் சேர்த்து எழுதவேண்டும். இப்போதிருந்தே அப்படி எழுதிப் பழகுங்கள்.

இயற்பியலில் நம் ஆட்கள் சறுக்குவது பெரும்பாலும் சட்டப் பகுதியில்தான். நம் நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏஇஆர்பியின் விதிகள் அங்கே கைகொடுக்காது. பிரிட்டனின் 2017 கதிர்வீச்சு விதிமுறைகளைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள். நெகட்டிவ் மார்க் கிடையாது, எதையும் காலியாக விடாதீர்கள்.