பாட்டும் எட்டவில்லை, மைக்கும் கீச்சிடுகிறது

கேள்வி: ஊர்த் திருவிழா மேடைகளில் பழைய ராக், பாப் பாட்டுகளை வாசிக்கிறோம். ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ எங்கள் பாடகருக்கு எட்டவில்லை. சத்தம் கூட்டினால் மைக் கீச்சிடுகிறது. கிட்டார் கம்பிகளும் துருப்பிடிக்கின்றன. – வாசகர், குளச்சல்

பதில்: அமெரிக்க ராக் குழுவான ஈகிள்ஸ் அந்தப் பாட்டைப் பதிந்தது பி மைனர் சுருதியில். தயங்காமல் இரண்டு அரைச்சுரம் இறக்கி ஏ மைனரில் வாசியுங்கள்: ஏ மைனர், ஈ, ஜி, டி, எஃப், சி, டி மைனர், ஈ. பேஸ் கிட்டார் வாசிப்பவரும் சேர்ந்து இறக்க வேண்டும். இதை மறந்துதான் பல குழுக்கள் தடுமாறுகின்றன.

ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குள் திரும்பப் புகுந்து சுற்றுவதே கீச்சொலி. பெரிய ஸ்பீக்கர்களை மைக்குகளுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து நிறுத்துங்கள். முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக்கானால், மானிட்டர் (பாடகர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) அதன் பின்புறத்துக்கு நேரே இருக்கட்டும். அந்தத் திசையில்தான் அதற்குக் காது மந்தம். முன்பக்கத்தை இன்னும் குறுகலாகப் பிடிக்கும் சூப்பர் கார்டியாய்டானால் மானிட்டரைப் பின்னால் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பாடவே கூடாது. பொத்தினால் எல்லாப் பக்கச் சத்தத்தையும் இழுக்கும். அப்படியும் கீச்சிட்டால் மிக்ஸரில் கீச்சிடும் அதிர்வெண்ணை மட்டும் 3 முதல் 6 டெசிபல் குறையுங்கள்.

கம்பியைக் கெடுப்பது உப்புக் காற்றும் கைவியர்வையும். வாசித்து முடித்ததும் அடிப்பக்கம் வரை உலர்ந்த துணியால் துடையுங்கள். பூச்சுள்ள கம்பி விலை கூடுதல், ஆனால் கடற்கரையில் அதுவே லாபம்.