ஸ்மாக் டெஸ்டும் ரெடி ஆகாத மானிட்டர்களும்: கேள்வி பதில்

(கலிஃபோர்னியாவில் வண்டி ஓட்டும் நண்பர்கள் கேட்டவை. ஸ்மாக் டெஸ்ட் என்பது அங்கே வண்டி வெளியிடும் புகைக்கான சோதனை.)

கேள்வி: அண்ணா, 2012 கேம்ரி. பேட்டரி மாற்றிய மறுநாளே ஸ்மாக் டெஸ்டுக்குப் போனேன். செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை, ஆனாலும் ஃபெயில். ஏன்?

பதில்: பேட்டரியைக் கழற்றியதுதான் காரணம் தம்பி. வண்டியில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்கள் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் ஆவியை வெளியே விடாத ஈவாப் அமைப்பு எல்லாவற்றையும் ஓடும்போதே தாங்களாகச் சோதித்துக்கொள்கின்றன. இந்தச் சோதனைகளுக்குத்தான் மானிட்டர் என்று பெயர், முடிந்துவிட்டால் 'ரெடி'. பேட்டரியைக் கழற்றினாலும், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரால் 'கோடு' (code) எனும் கோளாறுக் குறியீட்டை அழித்தாலும் அந்த முடிவுகள் போய்விடும், ரெடி ஆகாத வண்டி ஃபெயில்தான். கலிஃபோர்னியாவில் 2000 மாடலும் அதற்குப் பிந்தையதுமான பெட்ரோல் வண்டிக்கு ஈவாப் சோதனை ஒன்று மட்டும் முடியாமல் இருந்தால் விட்டுவிடுவார்கள். டெஸ்டுக்கு முந்தின நாள் கோடை அழித்துவிட்டுப் போகச் சொல்பவர்கள் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.

கேள்வி: சரி, எப்படி ஓட்டினால் ரெடி ஆகும்?

பதில்: கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருப்பதுதான் சரியான முறை. பொதுவாகப் பெரும்பாலான வண்டிகளுக்கு இது ஒத்துவரும். டேங்க் பாதிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். இரவு முழுக்க, 8 மணி நேரமாவது, சாவியே போடாமல் நிறுத்தி வையுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் அப்படியே ஓடவிட்டு, ஊருக்குள் நிதானமாகக் கொஞ்சம் ஓட்டிவிட்டு ஃப்ரீவே ஏறுங்கள். மணிக்கு 55-60 மைலில், வேகம் கூடாமல் குறையாமல் பத்துப் பதினைந்து நிமிடம் போக வேண்டும். நெரிசலில் இது நடக்காது. ஞாயிறு அதிகாலை 280 ஃப்ரீவே மாதிரி காலியான சாலைதான் சரி. பிறகு பின்னால் யாரும் வராத இடத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, பிரேக் தொடாமல் 20 மைல் வரை வேகம் இறங்க விடுங்கள்.

ஒரே வேகம் எதற்கு என்றால், நல்ல கன்வர்ட்டர் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் முன்னால் உள்ள சென்சாரின் அளவு ஏறி இறங்கினாலும் பின்னால் உள்ளது ஆடாமல் நிற்கும். இரண்டையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும்போது நாம் ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டே இருந்தால் அது சோதனையைக் கைவிட்டுவிடும். ஒரே நாளில் முடியாவிட்டால் மறுநாளும் இதேபோல ஓட்டுங்கள், நடுவில் கோடு அழிக்க வேண்டாம்.

கேள்வி: ஈவாப் மட்டும் ரெடி ஆகவே இல்லை. தினமும் டேங்கை நிரப்பித்தான் வைக்கிறேன்.

பதில்: நிரப்புவதுதான் தடை அக்கா. பல வண்டிகளில் பெட்ரோல் 15-லிருந்து 85 சதவீதத்துக்குள் இருந்தால்தான் அந்தச் சோதனையே தொடங்கும்.

கேள்வி: 2014 மினிவேன். மானிட்டர் எல்லாம் ரெடி, விளக்கும் இல்லை. 'பெர்மனன்ட் கோடு' இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: 2010 மாடலும் அதற்குப் பிந்தையதுமான வண்டிகளில் 2019 ஜூலையிலிருந்து இதையும் பார்க்கிறார்கள். இதை ஸ்கேனரால் அழிக்க முடியாது. பழுது உண்மையிலேயே சரியாகி, கம்ப்யூட்டரே மறுபடி சோதித்துத் திருப்தியானால்தான் போகும். ஆனால் கோடு அழித்த பிறகு 200 மைலும், எஞ்சின் குளிர்ந்து மறுபடி சூடாகும் 15 சுற்றுகளும் முடிந்துவிட்டால் டெஸ்டில் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

கேள்வி: சார், 2006 சிவிக். எவ்வளவு ஓட்டியும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சோதனை ரெடி ஆகவில்லை. ஹீட்டரிலும் சூடு குறைவு.

பதில்: முதலில் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் அந்த வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராது, சோதனையும் நடக்காது. பெண்டிங் கோடு, அதாவது இன்னும் உறுதியாகாத கோளாறுக் குறியீடு, ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள், அதுவும் தடுக்கும்.

கேள்வி: டெஸ்டுக்குப் பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: மலிவான புளூடூத் ஸ்கேனரே போதும், எந்த மானிட்டர் ரெடி என்று 'ரெடினஸ்' திரையில் காட்டிவிடும். பல ஹோண்டாக்களில் அதுகூட வேண்டாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆனில் வைத்துக் காத்திருங்கள். இருபது விநாடி போல எரிந்துவிட்டு செக் எஞ்சின் விளக்கு ஐந்து முறை மின்னினால் இன்னும் ரெடி ஆகவில்லை, பேசாமல் அணைந்தால் கிளம்பலாம். ரெஜிஸ்ட்ரேஷன் தேதி நெருங்கிவிட்டால் ஸ்மாக் முடியாவிட்டாலும் கட்டணத்தை மட்டும் தேதிக்குள் கட்டிவிடுங்கள், அபராதம் வராது.