அந்த இடத்தில் ‘நைஸ்’ என்பது பாராட்டு அன்று

வணக்கம். பழைய சட்டக் கட்டுரை ஒன்றில் வரும் ‘எ நைஸ் டிஸ்டிங்ஷன்’ (a nice distinction) என்ற ஆங்கிலத் தொடரை ‘நல்ல வேறுபாடு’ என மொழிபெயர்த்ததாகவும், அடுத்த வரியிலேயே ஆசிரியர் அவ்வேறுபாட்டைக் குறைகூறுவதால் பொருள் முரண்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். ‘மிக நுண்ணிய வேறுபாடு’ என்று மாற்றுங்கள், முரண் நீங்கிவிடும்.

‘நைஸ்’ என்ற சொல்லின் வேர், ‘அறியாத’ எனப் பொருள்படும் ‘நெஸ்கியுஸ்’ என்ற லத்தீன் சொல். அதில் எதிர்மறை முன்னொட்டோடு சேர்ந்திருக்கும் ‘அறிதல்’ என்ற வினையிலிருந்துதான் ‘சயின்ஸ்’ என்ற சொல்லும் பிறந்தது என்பது வேடிக்கையான உறவு. பழைய பிரெஞ்சு வழியாக 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அது ‘மூடத்தனமான’ என்ற வசையாகவே இருந்தது. பின்னர், எதிலும் எளிதில் நிறைவடையாமல் குற்றம் பார்ப்பவரைக் குறித்து, அங்கிருந்து மென்மை, துல்லியம், நுட்பம் ஆகிய பொருள்களுக்கு நகர்ந்தது. ‘இனிமையான’ என்னும் இன்றைய பொருள் 18-ஆம் நூற்றாண்டில்தான் பரவலாயிற்று.

இனிய பொருள் வென்ற பிறகும் பழைய நுட்பப் பொருள் முற்றிலும் மறையவில்லை; வேறுபாடு, வாதக் குறிப்பு, தீர்ப்பு போன்ற பெயர்ச்சொற்களுக்கு முன்னால் அது இன்றும் எழுத்து வழக்கில் தலைகாட்டுகிறது. ஆகவே நூலின் காலத்தை மட்டும் நம்பாமல், பின்வரும் பெயர்ச்சொல்லையும் பாருங்கள். ‘நைஸ்’ என்பதற்கு முன்னால் ‘டூ’ (too) அல்லது ‘ஓவர்’ (over) சேர்ந்திருந்தால், ‘தேவைக்கு மீறிய நுட்பம்’ என்ற கண்டனத் தொனியையும் மொழிபெயர்ப்பில் கொண்டுவர வேண்டும்.